புதுப்பித்த பழைய காரில் நெடும்பயணம் போவது எப்படி?

வண்டி ரெடியாகி வந்துவிட்டது. பெயிண்டில் முகம் பார்க்கலாம், குரோம் மின்னுகிறது, சீட்டில் புது ரெக்ஸின் வாசனை இன்னும் போகவில்லை. இன்ஜினையும் இறக்கிப் போர் பண்ணி (சிலிண்டரைக் கடைந்து) ஏற்றியாகிவிட்டது. இனி என்ன, வரும் சனிக்கிழமையே ஆயிரம் கிலோமீட்டர் போய்வரலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, போனேன், 140ஆவது கிலோமீட்டரில் இருட்டில் ரோட்டோரம் நின்றேன். அந்தக் கதை பின்னால் வரும்.

கம்பெனியிலிருந்து வரும் புதுக் காரை விற்பதற்கு முன்பே பல மாதங்கள் ஓட்டி, எது கழலும் எது தேயும் என்று பார்த்துவிடுவார்கள். பழைய காரை விடாமல் ஓட்டிக்கொண்டே இருப்பவருக்கு அதன் ஒவ்வொரு இருமலும் அத்துப்படி. புதுப்பித்த கார் இந்த இரண்டிலும் சேராது. அத்தனை நட்டுகளையும் கழற்றிக் கையால் மறுபடி முடுக்கி, எங்கெங்கோ வாங்கிய பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வண்டி அது, அதைச் சோதித்துப் பார்க்கும் முதல் ஆள் நீங்கள்தான். அதனால்தான் வழியில் மக்கர் பண்ணுவது பெரும்பாலும் ஐம்பது வருடமாக உள்ளே உட்கார்ந்திருக்கும் பாகமாக இருக்காது, போன மாதம் மாட்டியதாக இருக்கும். கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் சந்தேகப்படுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக்கூடாது.

கீழே சொல்வதெல்லாம் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலப்பது), பாயிண்ட் (பிளக்கில் பொறி வர மின்சுற்றைத் திறந்து மூடுவது), பெரும்பாலும் டைனமோ (பேட்டரிக்குச் சார்ஜ் தருவது) உள்ள கார்களுக்கு, அதாவது சுமாராக 1950 முதல் 1980 வரை வந்தவற்றுக்கு.

முதல் படி: சின்னச் சின்ன ஓட்டங்கள்

முதல் நாள் 20 கிலோமீட்டர் போதும். திரும்பி வந்ததும் வண்டியை மூடி வைத்துவிடாமல் கீழே ஒரு அட்டையை விரித்து எங்கே என்ன சொட்டுகிறது என்று பாருங்கள், நான்கு சக்கரங்களின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது, அல்லது பேரிங்கை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். அப்புறம் 50, அதற்கடுத்து 150, கடைசியாக ஒரு முழுநாள் ஓட்டமாக 300. வீட்டிலிருந்து நேர்கோட்டில் விலகிப் போகாமல் சுற்றிச் சுற்றி வரும்படி பாதையை வையுங்கள், நின்றாலும் வீடு பக்கத்தில் இருக்கும். இதே மாதிரி இன்னும் சில ஓட்டங்களும் சேர்ந்து 800, 1000 கிலோமீட்டர் ஆகும்வரை பெரிய பயணத்துக்குத் தேதி குறிக்க வேண்டாம்.

வீல் நட்டுகளை முதல் 50 கிலோமீட்டரிலும் அடுத்த 100இலும் மறுபடி முடுக்குங்கள். சக்கரத்துக்குப் பெயிண்ட் அடித்திருந்தால் நட் உட்காரும் இடத்தில் இருக்கும் பெயிண்ட் நசுங்கி இடைவெளி விடும், நட் தானாகத் தளர்ந்ததுபோல் ஆகிவிடும். புதிதாகப் போர் பண்ணிய இன்ஜினை ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டக்கூடாது, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டினால்தான் பிஸ்டன் ரிங் ஒழுங்காகப் படியும். ஓடிய முதல் ஆயிலைச் சீக்கிரமே, ஒரு 500 கிலோமீட்டரில் வடித்துவிடுங்கள், அதில் வரும் பொடியைப் பார்த்தாலே ஏன் என்று புரியும். டாப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) இடைவெளியும் அப்போதே பார்க்க வேண்டும். ஹெட் போல்ட்டை மறுபடி முடுக்க வேண்டுமா, சூடாக இருக்கும்போதா ஆறிய பிறகா என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். அதற்கு அந்தக் காரின் சர்வீஸ் மேனுவலைத்தான் கேட்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரை அல்ல.

இந்த ஓட்டங்களில் ஒன்று ராத்திரியில் இருக்கட்டும், ஒன்று உச்சி வெயில் டிராஃபிக்கில். முடிந்தால் ஒன்று மழையில். வைப்பர் கண்ணாடியைத் துடைக்கிறதா கீறுகிறதா என்பது ஷெட்டில் நிற்கும் வண்டியில் தெரியாது.

இரண்டாவது படி: பிரேக்கும் டயரும்

இன்ஜின் நின்றால் ரோட்டோரம் நிற்கலாம். பிரேக் பிடிக்கவில்லை என்றால் வேறு கதை. அதனால் இதில் மட்டும் கஞ்சத்தனமும் அவசரமும் வேண்டாம்.

1960களின் கடைசிவரை வந்த பல கார்களில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் சர்க்யூட்தான், அதாவது பிரேக் ஃப்ளூயிட் ஓட ஒரே வழிதான். எங்காவது ஓரிடத்தில் ஃப்ளூயிட் ஒழுகினால் பெடல் தரையைத் தொட்டுவிடும், மிச்சம் இருப்பது ஹேண்ட்பிரேக்கும் கியரும்தான். எனவே ஹேண்ட்பிரேக்கை நிறுத்தி வைக்கும்போது போடும் சாமான் என்று நினைக்காதீர்கள், அதுதான் உங்கள் இரண்டாவது பிரேக். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாம் மாற்றிவிட்டு, பார்க்க நன்றாக இருக்கிறதே என்று ரப்பர் ஹோஸை மட்டும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பழைய ஹோஸ் வெளியே நன்றாக இருந்து உள்ளே உப்பிப்போயிருக்கும், மிதிக்கும்போது ஃப்ளூயிட் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. சக்கரச் சூட்டைப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

டாட் 3, டாட் 4 என்று தர எண் போட்ட பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வரும், ஃப்ளூயிட் ஆவியாகும், ஆவியை அமுக்கினால் பெடல் பஞ்சுபோல் போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன், அதை மற்றதோடு கலக்கக் கூடாது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், டாட் 5.1 சிலிக்கோன் இல்லை, அது டாட் 4 குடும்பம்.

டயர் விஷயத்தில் எல்லோரும் பள்ளம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறார்கள். புதுப்பித்த காரில் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று நின்று சாகிறது. பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள்: 0816 என்றால் 2016ஆம் ஆண்டின் எட்டாவது வாரம் செய்த டயர். பத்து வருடம் தாண்டியதை, பட்டன் (தரையைத் தொடும் மேடுகள்) புதிதாகவே இருந்தாலும், நெடும்பயணத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மூன்றே எண் இருந்தால் அது 2000க்கு முந்தியது, பேசவே வேண்டாம். ஸ்டெப்னியையும் பாருங்கள், டிக்கியில் இருப்பது பெரும்பாலும் காரோடு வந்த பழங்கால டயராகத்தான் இருக்கும். கம்பிச் சக்கரம் என்றால் உள்ளே டியூபும், ஸ்போக் முனை குத்தாமல் இருக்க ரிம் டேப்பும் வேண்டும். ரேடியல் டயரையும் பழைய கிராஸ் பிளை (உள்ளே நூல் அடுக்கு குறுக்கும் மறுக்குமாகப் போகும் வகை) டயரையும் ஒரே வண்டியில் கலந்து மாட்டாதீர்கள், வளைவில் முன்பக்கம் ஒன்று நினைக்கும், பின்பக்கம் வேறொன்று நினைக்கும்.

மூன்றாவது படி: சூடு

இன்ஜினைப் புதிதாகக் கட்டியிருந்தால் கொஞ்ச நாள் வழக்கத்தைவிடச் சூடாகத்தான் ஓடும், பயப்பட வேண்டாம். ஆனால் மீட்டர் முள் எந்த இடத்தில் நின்றால் இந்த வண்டிக்கு இயல்பு என்பதைச் சின்ன ஓட்டங்களிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு முள் அதைத் தாண்டினால் மீட்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு ஓட்டாதீர்கள், நிறுத்துங்கள்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்திருப்பீர்கள். இன்ஜின் பிளாக்குக்குள் தங்கிய துருச்சேறு அப்படியே இருந்தால், ஓட ஓட அது கிளம்பிவந்து அந்தச் சுத்தமான ரேடியேட்டரை மறுபடி அடைக்கும். முதல் சில ஓட்டங்களுக்கு, ரேடியேட்டரின் மேல் ஹோஸுக்குள் ஒரு மெல்லிய துணி வடிகட்டி வைத்து, அடிக்கடி கழற்றிப் பார்த்தால் எவ்வளவு வருகிறது என்று தெரியும். சூடாகிறதே என்று தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) பிடுங்கிப் போடுவது பழைய வைத்தியம், அதில் நோய் மறைகிறதே தவிரப் போவதில்லை. அதே மாதிரிதான் அதிக அழுத்தமுள்ள ரேடியேட்டர் மூடி போடுவதும். மூடியில் ஒரு பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) கூடினால் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி கூடும் என்பது உண்மை, ஆனால் 7 பிஎஸ்ஐக்குச் செய்த ரேடியேட்டரில் 15 போட்டால் பலவீனமான ஈயப்பற்றும் ஹீட்டரும்தான் முதலில் பதில் சொல்லும்.

வழியில் முள் ஏறினால்: வேகத்தைக் குறையுங்கள், ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து விடுங்கள் (உங்களுக்கு வேர்க்கும், இன்ஜினுக்கு ஆறும்), அதற்கும் இறங்கவில்லை என்றால் ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். மூடியில் கை வைக்காதீர்கள். அரை மணி நேரத்துக்குள் வைக்கவே வைக்காதீர்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பிளாக்கோ ஹெட்டோ விரிசல் விடலாம். நின்றிருக்கும்போது ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், ஒரு விரல் தடிமன் அளவு உள்ளே போனால் சரி. புது பெல்ட் முதல் நூறு இருநூறு கிலோமீட்டரில் நீளும், மறுபடி இழுத்து முடுக்க வேண்டும். இதையும் யாரும் சொல்லித் தருவதில்லை.

நான்காவது படி: பெட்ரோல் வழி

நெடுநாள் நின்ற டேங்கைக் கழுவி உள்ளே கோட்டிங் போட்டிருப்பார்கள். அடியில் துரு சரியாகப் போகாமல் கோட்டிங் போட்டிருந்தால், தொடர்ந்து குலுங்கும்போது அது தோல் உரிவதுபோல் உரிந்து குழாயை அடைக்கும். ஊருக்குள் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் இது தெரியாது, ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால்தான் தெரியும். உள்ளே பார்க்கும்படியான ஒரு ஃபில்டரை மாட்டுங்கள், கூடவே இரண்டு எடுத்துப் போங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் டியூபையும் பம்பிலுள்ள டயஃப்ரமையும் மென்மையாக்கிக் கரைக்கும், எத்தனால் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்கி முழு வழியையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளும், ஆகவே மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலோடு கிளம்ப வேண்டாம்.

வெயிலில் டிராஃபிக்கில் நின்று நகரும்போது இருமி இருமி நின்று, ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனால் அது வேப்பர் லாக், குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டது. பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். நிரந்தரமாகத் தீர்க்க, எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகும் பெட்ரோல் குழாயைத் தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் வெப்பம் தாங்கும் உறை போட வேண்டும்.

குழாய் அடைப்பு ஒன்றும் புதிய நோய் இல்லை. உலகில் முதல் நெடுந்தூரக் கார் பயணம் என்று சொல்லப்படுவது 1888 ஆகஸ்டில் கார் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனது, சுமார் 106 கிலோமீட்டர். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பி ஊசியால் குத்திவிட்டார். மின்கம்பியின் இன்சுலேஷன் தேய்ந்தது, காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் தேய்ந்தது, செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். பெட்ரோல், மின்சாரம், பிரேக். இத்தனை வருடம் கழித்தும் நம் பட்டியல் அதேதான்.

ஐந்தாவது படி: மின்சாரம், அதாவது என் கதை

அந்த 140ஆவது கிலோமீட்டர். ஓடிக்கொண்டிருந்த வண்டி மிஸ்ஸிங் அடித்தது, இரண்டு குலுக்கு, அப்புறம் அமைதி. எனக்கு அந்தக் கார்புரேட்டர் மேல் முன்பே சந்தேகம், ஏனென்றால் அது பழசு. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அதைக் கழற்றி ஜெட்டை எல்லாம் ஊதிச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாட்டினேன். அசையவில்லை. பிறகுதான் பிளக் வயரைக் கழற்றிப் பார்த்தேன், பொறியே வரவில்லை. இரண்டு வாரம் முன்னால் போட்ட புது கண்டென்ஸர் (பாயிண்ட்டோடு சேர்ந்து பொறி வர உதவும் சின்னப் பாகம்) செத்திருந்தது. நல்லவேளையாகக் கழற்றிய பழைய கண்டென்ஸரைத் தூக்கி எறியாமல் டிக்கியில் ஒரு டப்பாவில் போட்டிருந்தேன். அதை மாட்டினேன், முதல் சாவியிலேயே எடுத்தது. இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

இதில் இரண்டு பாடம். ஒன்று, இப்போது செய்து வரும் கண்டென்ஸர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாமே நல்ல தரம் என்று நம்ப முடியாது, அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது கழற்றிய பழைய பாகத்தைவிட நல்ல ஸ்பேர் கிடையாது. இரண்டு, டக்கென்று விளக்கணைத்ததுபோல் நின்றால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள், இருமி இருமி இழுத்து நின்றால் பெட்ரோலைப் பாருங்கள். எப்போதும் பலிக்காது, ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

அழகாகப் பெயிண்ட் அடித்த வண்டிக்கென்றே ஒரு வியாதி உண்டு: எர்த் கிடைக்காது. இந்த வகை வயரிங்கில் பாதிச் சுற்று காரின் இரும்பு உடம்புதான். விளக்கு மாட்டும் இடம், இன்ஜின் எர்த் பட்டை, டேங்க் மீட்டர் எல்லாம் பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்தால் மின்சாரம் திரும்பிப் போக வழி தேடி அலையும். இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் ஆடுவது, ஹாரன் அடித்தால் விளக்கு மங்குவது எல்லாம் இதன் அறிகுறி. தொடும் இடத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். அடித்த பெயிண்டைச் சுரண்ட மனசு வராதுதான்.

டைனமோ உள்ள வண்டி என்றால் கணக்குப் போட்டு ஓட்டுங்கள். பல கார்களில் வந்த ஒரு சாதாரண டைனமோ முழு வேகத்தில் 22 ஆம்பியர் தரும், ஐடிலிங்கில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. 45 வாட் ஹெட்லைட் இரண்டு மட்டுமே 12 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர் குடிக்கும், அதற்கு மேல் வைப்பர், இக்னிஷன், நீங்கள் புதிதாக மாட்டிய எலக்ட்ரிக் ஃபேன், போன் சார்ஜர். மழை ராத்திரியில் டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஊர்ந்தால் பேட்டரிதான் எல்லாவற்றையும் சுமக்கிறது. முடிந்தவரை பகலில் ஓட்டுங்கள். இன்னொன்று, சில பழைய கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். அதில் இன்றைய சார்ஜரையோ ரேடியோவையோ யோசிக்காமல் இணைத்தால் புகைதான் வரும்.

என்னென்ன எடுத்துப் போவது

பாதி டிக்கியை நிரப்ப வேண்டாம். பாயிண்ட், கண்டென்ஸர், ரோட்டர், காயில் ஒன்று, பிளக் இரண்டு, ஃபேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், கிளாம்ப் சில, ஃப்யூஸ், பல்பு, இரண்டு மீட்டர் வயர், பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோல் டியூப் ஒரு துண்டு, இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி, இன்ஜின் ஆயில் இரண்டு லிட்டர், பிரேக் ஃப்ளூயிட், தண்ணீர் ஐந்து லிட்டர், தீயணைப்பான். உங்கள் காருக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள், அதாவது இஞ்சா மில்லிமீட்டரா என்று பார்த்து எடுக்க வேண்டும். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மறக்காதீர்கள், பாயிண்ட் இடைவெளி பெரும்பாலான கார்களில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்தான், கண்ணால் வைக்க வராது. ஜாக்கியை வீட்டிலேயே ஒரு முறை போட்டுச் சக்கரம் கழற்றிப் பாருங்கள். வண்டிக்குப் புதிதாகச் செய்த அடித்தரையில் ஜாக்கி முட்டும் இடம் வலுவாக இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஓட்டும் முறை

ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாத நான்கு கியர் வண்டியை 100இல் ஓட்டினால் இன்ஜின் கத்திக்கொண்டே வரும். 75, 80 அதற்குச் சுகமான வேகம். பின்னால் வருபவர்கள் அவசரப்படுவார்கள், வழிவிட்டுவிட்டுப் போங்கள். முன்னால் போகும் புதுக் கார் நிற்கும் தூரத்தில் உங்கள் டிரம் பிரேக் நிற்காது, அதனால் வழக்கமாக விடும் இடைவெளியைப்போல் இரண்டு மடங்கு விடுங்கள். இறக்கத்தில், ஏறினால் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மூன்று முனை சீட் பெல்ட்டே 1959இல் வால்வோ காரில்தான் வந்தது, உங்கள் வண்டியில் பெல்ட் இல்லை என்றால், தெரிந்தவரைக் கொண்டு காரின் உடம்பில் வலுவான தகடு வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம். ஒவ்வொரு பெட்ரோல் நிறுத்தத்திலும் ஆயில் அளவு, வண்டிக்குக் கீழே ஒரு பார்வை, சக்கரச் சூடு, மூக்கால் ஒரு மோப்பம். பச்சைப் பெட்ரோல் வாசனை வந்தால் மேலே ஓட்டாதீர்கள். முதல் நாள் ஏதாவது ஒன்று தளரும், ஆடும், சத்தம் போடும். இரண்டாம் நாள் குறையும். மூன்றாம் நாள் வண்டி வேறு மாதிரி ஆகியிருக்கும், ஸ்டீயரிங் இலகுவாகும், ஐடிலிங் சீராகும், நின்று நின்று காய்ந்த சீல்கள்கூடச் சில ஒழுகுவதை நிறுத்தும். ஓடினால்தான் இந்த வண்டிகளுக்கு உடம்பு தேறும்.

வழியில் கேட்ட சத்தம், கண்ட ஒழுக்கு, போட்ட ஆயில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் கிலோமீட்டரோடு எழுதி வையுங்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே, மறப்பதற்குள், அந்தப் பட்டியலோடு வண்டிக்கு அடியில் படுங்கள்: வீல் நட், சஸ்பென்ஷன் போல்ட், எக்ஸாஸ்ட் கிளாம்ப் மூன்றும் கட்டாயம், கிரீஸ் நிப்பிள்களுக்கு மறுபடி கிரீஸ், பிரேக் அட்ஜஸ்ட்மெண்ட். வழியில் ஸ்டெப்னி மாட்டியிருந்தால் பஞ்சரை ஒட்டிவிட்டு அப்புறம் வண்டியை மூடி வையுங்கள்.